வெள்ளாறு போய்ச் சேரும் காடு

மங்களூர்னு சொன்னா கர்நாடகத்து மங்களூர்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நம்ம மங்களூர் கடலூர் மாவட்டத்துல, பீங்கானுக்குப் பேர் போன விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கு. எங்க பக்கத்து ஆறு வெள்ளாறு. தொழுதூர் அணைக்கட்டுல அந்தத் தண்ணியை மறிச்சுத்தான் வெலிங்டன் ஏரிக்கு அனுப்புறாங்க. 1923ல் வேலை முடிஞ்ச ஏரி அது. மிச்சத் தண்ணி திட்டக்குடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு தாண்டி பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குது. அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் வரைக்கும் பரந்து கிடக்கிறதுதான் பிச்சாவரம் காடு. ஊருக்கு வர்ற சென்னை நண்பர்கள் பாதிப் பேரு "பிச்சாவரம் போகலாமா?"ன்னு கேக்கறாங்க. போகலாம். போறதுக்கு முன்னாடி அந்தக் காட்டோட கதையைத் தெரிஞ்சுகிட்டுப் போனா நல்லது.

சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இந்தச் சதுப்புக் காட்டுத் தில்லை மரத்தாலதான். அது போக சுரபுன்னை, வெண்கண்டல்னு உப்புத் தண்ணியில நிக்கிற மரங்கள் நிறைய. எல்லா மரத்துக்கும் உப்பை ஒரே மாதிரி தாங்க முடியாது. கடல்ல இருந்து உப்பு நீரும், ஆத்துல இருந்து நல்ல தண்ணியும் மாறி மாறி வந்தாத்தான் எல்லா வகையும் தழைக்கும்.

வெள்ளைக்காரன் காலத்துல இது அரசாங்கக் காடாச்சு. காட்டைக் காப்பாத்தணும், ஊரு சனம் கண்டபடி வெட்டக் கூடாதுங்கிறது சட்டம். ஆனா 1911ல் இருந்து சர்க்காரே கூப்பு முறையில மரத்தை வெட்டுச்சு. காட்டைப் பங்கு பங்காப் பிரிச்சு, முறை வச்சு, ஒரு பங்குல உள்ள மரம் அத்தனையும் மொட்டையா வெட்டிடுவாங்க. வேர் மறுபடி தழைஞ்சு அடுத்த முறை வர்றதுக்குள்ள காடு வளர்ந்துடும்னு கணக்கு. சுதந்திரம் வந்த பிறகும் 1970கள் வரைக்கும் இதே முறைதான் ஓடுச்சு.

வெட்டின பல இடத்துல காடு திரும்பி வரவே இல்லை. ஆடு மாடு மேய்க்கிறவங்க, விறகு ஒடிக்கிறவங்கதான் காட்டை அழிச்சாங்கன்னு ரொம்ப காலம் பேசினாங்க. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து ஆராய்ஞ்சப்ப வேற காரணம் தெரிஞ்சுது. மரத்தை மொட்டையா வெட்டினதும் சேத்து மேல வெயில் நேரா விழுந்திருக்கு. ஈரம் காய்ஞ்சு மண்ணு உள்வாங்கி, நடுவுல தாம்பாளம் மாதிரி குழிஞ்சு போச்சு. ஓதத்துல ஏறின கடல் தண்ணி திரும்ப வடிய முடியாம அந்தப் பள்ளத்துலயே நின்னு, வெயில்ல வத்தி, உப்பு ஏறிக்கிட்டே போச்சு. அதுல எந்தக் கன்னு பிழைக்கும்?

விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். வடியாத பள்ளத்துல பயிர் நிக்காது, நிலம் உவராயிடும். மருந்தும் நமக்குத் தெரிஞ்சதுதான்: வடிகால் வெட்டணும். மீன் முள்ளு மாதிரி நடுவுல பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணி தினம் ஏறி இறங்க வழி செஞ்சாங்க. கரையில வெண்கண்டல், சுரபுன்னைக் கன்னுகளை நட்டாங்க. இந்த வேலையில சுத்துப்பட்டு கிராமத்து சனங்களைக் குழுவாச் சேர்த்துக்கிட்டாங்க. 1986க்கும் 2002க்கும் நடுவுல மரம் அடர்ந்த பரப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கை நெருங்கினதா செயற்கைக்கோள் படத்தை வச்சுக் கணக்குச் சொன்னாங்க.

அதாவது, சனத்தை வெளியே நிறுத்தின காலத்துல காடு குறைஞ்சுது. சனத்தைப் பொறுப்போட உள்ளே சேர்த்த காலத்துல வளர்ந்துது. அதுக்காக கதவைத் திறந்து விட்டா போதும்னு நான் சொல்ல வரலை. திறந்து விட்டா என்ன ஆகும்னு எங்க ஆத்தைப் பார்த்தாலே தெரியும். காவல் இல்லாத இடத்துல மணலும் மிஞ்சாது, கரையும் மிஞ்சாது. பிச்சாவரத்துலயும் குழுன்னு ஒண்ணு இருந்துச்சு, வெட்டக் கூடாத இடம் எது, மேய்க்கக் கூடாத இடம் எதுன்னு பேசி முடிவு பண்ணாங்க.

2004 டிசம்பர் சுனாமியில காட்டு மறைவுல இருந்த ஊருகள்ல சேதம் குறைவுன்னு அடுத்த வருஷமே ஒரு ஆய்வு வந்துச்சு. காட்டோட பங்கு எவ்வளவு, ஊரு மேட்டுல இருந்ததோட பங்கு எவ்வளவுன்னு அறிஞர்கள் இன்னும் வாதாடுறாங்க. ஆனா அதுக்கப்புறம் பிச்சாவரத்தைப் பத்தின பேச்சு கூடிப் போச்சு. 2022ல் ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துது. பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர்.

இப்ப அங்கே ரெண்டு விதமான ஆளுங்க தண்ணியில இறங்குறாங்க. ஒருத்தர், சீட்டு வாங்கிப் படகுல போற உங்களை மாதிரி விருந்தாளி. இன்னொருத்தர், வலையோ படகோ இல்லாம, இடுப்பளவு தண்ணியில கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பத்து ஆணும் பெண்ணும். முன்னவருக்கு அது ஒரு மணி நேரப் பொழுது, பின்னவருக்கு அன்னிக்குச் சோறு. கட்டுப்பாடு கொண்டு வரணும்னு பேச்சு வந்தா, முதல்ல யாருகிட்ட இருந்து ஆரம்பிக்கணும்ங்கிறதுதான் கேள்வி. சோத்துக்காக இறங்குறவங்ககிட்ட கடைசியாத்தான் கை வைக்கணும், அதையும் அவங்களை உக்கார வச்சுப் பேசிட்டுத்தான் செய்யணும்ங்கிறது என் கட்சி.

எங்க பங்கும் ஒண்ணு இருக்கு. மேல நாங்க மறிக்கிற ஒவ்வொரு மடைத் தண்ணியும் அந்தக் காட்டுக்குப் போற நல்ல தண்ணியில குறையுது. கடலுக்குப் போற தண்ணி வீண்னு எங்க ஊருல சர்வ சாதாரணமாச் சொல்லுவாங்க. பிச்சாவரம் கதை தெரிஞ்சா அப்படிச் சொல்ல வாய் வராது. ஏரியும் நிரம்பணும், முகத்துவாரத்துக்கும் கொஞ்சம் போகணும். மழை பொய்க்கிற வருஷத்துல இது சுலபமில்லை, எனக்கும் தெரியும்.

நீங்க போறப்ப துடுப்புப் படகுல போங்க. சின்ன வாய்க்கால்ல நுழையுறது அதுதான். மோட்டார் சத்தமும் இல்லை, அலை அடிச்சு கரையும் சரியாது. பிளாஸ்டிக்கைக் கையோட திரும்பக் கொண்டாந்துடுங்க. தண்ணியில யாராவது இறால் தடவிக்கிட்டு இருந்தா, போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. நீங்க நிக்கிறது அவங்க வேலை செய்யுற இடம்.