அட்மிரல் லெயிற்றனும் மலைநாடும்

தீவு நாடொன்றின் காவல் கடலிலே தொடங்குவது இயல்பு. ஆயின், 1942 ஆம் ஆண்டில் இலங்கையின் காவல் கடலோடு நில்லாது, நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்ட லயன்களின் அடுப்பங்கரை வரை சென்றது. அக்காவலின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் பிரித்தானியக் கடற்படைத் தளபதி சேர் ஜெப்ரி லெயிற்றன் ஆவர்.

லெயிற்றன் 1884 இல் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பற் தலைவராய் விளங்கினார். 1915 ஓகத்து மாதத்தில் அவருடைய ஈ-13 என்னுங் கப்பல், திசைகாட்டியின் பழுதினால் டென்மார்க்கின் சால்தோம் தீவருகே தரைதட்டியது. நடுநிலை நாட்டின் கடலெல்லையென்பதையும் பாராது செருமானியப் படகுகள் அதனைச் சுட்டன. மாலுமிகளுள் 15 பேர் மாண்டனர். டென்மார்க்கிலே தடுத்துவைக்கப்பட்ட லெயிற்றன் தப்பியோடித் தாயகம் சேர்ந்தார்.

1940 இல் அவர் சீனக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியானார். 1941 திசெம்பரில் அப்பொறுப்பை அட்மிரல் தொம் பிலிப்சிடம் ஒப்படைத்துத் தாயகம் திரும்பவிருந்த வேளையில், ‘பிறின்சு ஒவ் வேல்சு’, ‘றிப்பல்சு’ என்னும் பெருங்கப்பல்களை யப்பானியர் மூழ்கடித்தனர். பிலிப்சும் உயிர் துறந்தார். லெயிற்றன் மீண்டுந் தலைமையேற்க வேண்டியதாயிற்று. 1942 பெப்புருவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது.

1942 மார்ச்சு மாதத்தில் அவர் இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். முப்படைகளும் சிவில் நிருவாகமும் அவருடைய ஆணைக்குட்பட்டன. தேசாதிபதி சேர் அன்ட்றூ கல்டிக்கொற்றும் அதற்கு விலக்கல்லர். இத்துணை அதிகாரம் பெற்றும் அவர் மந்திரிமாரை ஒதுக்கவில்லை. தேசாதிபதியும் மந்திரிமாரும் படைத்தலைவரும் கூடிய யுத்த சபையின் வாயிலாகவே கருமமாற்றினார். ஏப்பிரில் 5 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, கப்பல்கள் பல முன்னரே துறைமுகத்தினின்று அகற்றப்பட்டிருந்தன. ஆயினும் ‘கோண்வால்’, ‘டோசெற்சயர்’ என்பன அன்றே நடுக்கடலில் அழிந்தன. 9 ஆந் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் ‘கேர்மிசு’ மூழ்கியது.

குண்டுவீச்சு இரு நாளில் ஓய்ந்தது. உணவு நெருக்கடியோ ஓயவில்லை. இலங்கையர் உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மா முதலிய நாடுகளிலிருந்தே வந்தது. மார்ச்சு 8 இல் இறங்கூன் வீழ்ந்ததோடு அவ்வழி அடைபட்டது. நெல் விளையாத மலைச்சரிவிலே வாழ்ந்த தோட்டத் தொழிலாளரே இதனால் மிக வருந்தினர். அரிசி பங்கீட்டுக்குள்ளாயிற்று, அதன் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. சோறுண்டு பழகியோர் ரொட்டி தட்டி உண்டு மலையேறினர்.

அவர்கள் கொய்த கொழுந்தும் போருக்கு வேண்டிய பொருளே. யாவாவும் சுமாத்திராவும் யப்பானியர் கைப்பட்ட பின்னர், பிரித்தானியருக்குத் தேயிலை தரும் பெருநாடுகளாக எஞ்சியவை இந்தியாவும் இலங்கையுமே. மலாயா வீழ்ந்தமையால் இலங்கை றப்பரும் இன்றியமையாததாயிற்று. ஹற்றன், நானுஓயா நிலையங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கின. அரிசியும் மாவும் மலைக்கு ஏறின. இப்போக்குவரத்து அறுந்திருப்பின், பீரங்கிகள் மட்டும் இத்தீவைக் காத்திரா.

இலங்கையரின் போர்க்கால ஒத்துழைப்பை மதித்த லெயிற்றன், அரசியற் சீர்திருத்தம் வேண்டுமென்னும் அவர்தம் கோரிக்கையைக் கல்டிக்கொற்றோடு சேர்ந்து ஆதரித்தார். 1943 மே 26 இல் பிரித்தானிய அரசு வெளியிட்ட பிரகடனமும், அதன்பின் வந்த சோல்பரி ஆணைக்குழுவும் 1948 இன் சுதந்திரத்துக்கு வழிகோலின. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு 7 இடங்களை வென்றது. ஆயின், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று.

லெயிற்றன் 1945 இல் இலங்கையை விட்டு நீங்கி, போட்சுமத்துத் துறையின் தலைமைத் தளபதியாய்ப் பணியாற்றி, 1947 இல் ஓய்வு பெற்றார். 1964 செப்தெம்பரில் அவர் காலமானார். மறு மாதத்திலே கைச்சாத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தம், தோட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தளபதியின் பணிக்குப் பட்டமும் பதவியும் பரிசாயின. அப்பணிக்குத் துணைநின்ற தொழிலாளர்க்கோ, தாம் காத்த நாட்டைத் தமதென்று சொல்லும் உரிமைக்கே அரை நூற்றாண்டுக்கு மேற் காத்திருக்க நேர்ந்தது. போர்க்கால இலங்கையின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே கூறும்போதே முழுமை பெறும்.