எலும்பில் ஊன்றிய பிடிமானம்: மினி இம்ப்ளான்ட் கடந்து வந்த பாதை

பல் சீரமைப்பைத் தொழிலாகக் கொண்ட நம் எல்லோருக்கும் ஆங்கரேஜ் என்னும் பிடிமானம் அன்றாடக் கவலை. துருத்திய முன்பற்களைப் பின்னுக்கு இழுக்கக் கடைவாய்ப் பற்களைப் பிடிமானமாகக் கொண்டால், இழுக்கும் அதே விசை கடைவாய்ப் பற்களையும் முன்னால் நகர்த்திவிடும். இடம் வேண்டும் என்று பல் எடுத்து உண்டாக்கிய இடைவெளியில் ஒரு பகுதி இப்படியே கைநழுவிப் போகும். இந்தக் கவலையைத் தீர்க்க நம் துறையின் முன்னோடிகள் பட்ட பாட்டை இம்மலரில் பதிவு செய்வது நம் கடமை.

19-ஆம் நூற்றாண்டிலேயே நார்மன் கிங்ஸ்லி வாய்க்கு வெளியே, தலையைப் பிடிமானமாக்கிப் பற்களை இழுத்தார். 1947-இல் சைலஸ் க்ளோன் கழுத்துப் பட்டையோடு கூடிய ஹெட்கியரை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பல தலைமுறைக் குழந்தைகள் இரவெல்லாம் அதை மாட்டிக்கொண்டு உறங்கினார்கள். தவறாமல் மாட்டியவர்களுக்குப் பலன் கிடைத்தது. கழற்றி வைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சிகிச்சையின் வெற்றி அந்தப் பிஞ்சுகளின் பொறுமையில்தான் இருந்தது.

எலும்பையே பிடிமானமாக்கலாம் என்ற எண்ணம் அச்சேறியது 1945-இல். அமெரிக்காவின் கெய்ன்ஸ்ஃபோர்த், ஹிக்லி இருவரும் நாய்களின் கீழ்த்தாடையில் வைட்டாலியம் என்னும் உலோகக் கலவையால் ஆன திருகுகளைப் பதித்து, அவற்றிலிருந்து பற்களை இழுத்துப் பார்த்தனர். பற்கள் நகர்ந்தன. ஆனால் 16 முதல் 31 நாட்களுக்குள் திருகுகள் கழன்று விழுந்தன. கிடைத்ததையும் இழந்ததையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள் அவர்கள். அந்த நேர்மைக்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம். பின்னால் வந்தவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தக் கட்டுரைதான் காட்டியது.

1950-களில் ஸ்வீடனில் பிரோனெமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போய்விடுவதைக் கண்டார். 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் பல்வேர் பொருத்தப்பட்டது. நம் துறையில் 1969-இல் லியோனார்ட் லிங்கோ, தகடு வடிவ இம்ப்ளான்ட்டிலிருந்து ரப்பர் வளையங்களை மாட்டிப் பற்களை நகர்த்தினார்.

எண்பதுகள் நம் வரலாற்றின் திருப்புமுனை. 1983-இல் தாமஸ் கிரீக்மோரும் எக்லுண்டும் ஒரு நோயாளியின் மூக்கடி எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே ஒரு வைட்டாலியம் திருகைப் பதித்தனர். பத்து நாள் கழித்து அதிலிருந்து மேல் முன்பற்களுக்கு மெல்லிய இழு நூல் கட்டினர். ஏறக்குறைய ஓராண்டில் முன்பற்கள் 6 மி.மீ. மேலேறின, திருகு அசையவில்லை. கெய்ன்ஸ்ஃபோர்த் கட்டுரைக்குப் பின் 38 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த பதில் அது. மறு ஆண்டில் யூஜின் ராபர்ட்ஸ், தொடர்ந்து விசை தாங்கும் டைட்டானியத்தை முயலின் தொடையெலும்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதை ஆய்ந்து காட்டினார். பிறகு அதே அறிவைக் கொண்டு, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இம்ப்ளான்ட் வைத்து, பல் எடுத்த இடத்தை மூடினார்.

1996-இல் ஜெர்மனியின் வெர்பைன் அண்ணத்தில் 3.3 மி.மீ. தடிமனுள்ள இம்ப்ளான்ட்டைப் பயன்படுத்தினார். பிடிமானம் உறுதியாகவே இருந்தது. ஆனால் இரண்டு பல்வேர்களுக்கு நடுவே அந்தத் தடிமன் நுழைய வழியில்லை.

அந்த வழியைத் திறந்தவர் ஜப்பானின் ரியூசோ கனோமி. 1997-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் திருகின் தடிமன் 1.2 மி.மீ., நீளம் 6 மி.மீ. எலும்புத் தகடுகளைப் பொருத்த அறுவை மருத்துவர்கள் வைத்திருந்த சிறு திருகிலிருந்து பிறந்த யோசனை அது. நான்கே மாதத்தில் கீழ் முன்பற்கள் 6 மி.மீ. கீழிறங்கின. மினி இம்ப்ளான்ட் என்ற பெயர் அன்று முதல் நம் பெயராயிற்று. 1998-இல் கோஸ்டா, ரஃபைனி, டென்மார்க்கின் பிர்தே மெல்சன் மூவரும் ஈறைக் கிழிக்காமல், பொருத்திய உடனேயே விசை கொடுக்கலாம் என்று காட்டினர். அவர்கள் பயன்படுத்திய 16 திருகுகளில் 2 மட்டுமே தளர்ந்தன. 1999-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் உமெமோரியும் சுகாவாராவும் கீழ்த்தாடையில் சிறு டைட்டானியத் தகடு பொருத்திக் கடைவாய்ப் பற்களைக் கீழிறக்கினர். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்து நின்ற கடி மூடியது. பெரிய தாடை அறுவைதான் கதி என்றிருந்த நோயாளிகளுக்கு அது புது வழி.

புத்தாயிரத்தில் தென்கொரியாவின் டேகு நகரம் நம் துறையின் பாடசாலையானது. அங்கே பார்க் ஹியோ சாங், கியுங் ஹீ மூன், சுங் ஜே ஹியுன் ஆகியோர் தாடையின் இண்டு இடுக்குக்கெல்லாம் ஏற்ற திருகுகளை வடிவமைத்தனர். அவற்றின் தலையில் கம்பி கோக்க நுண்துளையும் இருந்தது. 2003-இல் மியாவாகி குழுவினர் 134 திருகுகளை ஆய்ந்து, 1 மி.மீ. தடிமன் போதாது, 1.5 மி.மீ. திருகுகளில் 83.9 விழுக்காடு நிலைத்தன என்று எண்ணிச் சொன்னார்கள். 2004-இல் தைவானின் எரிக் லியூ, திருகுக்கும் பல்வேருக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும் என்ற எச்சரிக்கையைத் தந்தார். இன்று நாம் எக்ஸ்ரேயைப் பார்த்து இடம் குறிக்கும்போது பின்பற்றும் ஒழுங்கு இவர்கள் வகுத்தது.

வேலை நடக்கும் விதத்தை இளைய மருத்துவர்களின் குடும்பத்தாருக்காகச் சொல்லி வைக்கலாம். இரண்டாம் சிறு கடைவாய்ப் பல்லுக்கும் முதல் பெரிய கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஈறில் சில துளி மரத்துப்போகும் மருந்து. பல்வேர் முழுதாக மரத்துவிடக் கூடாது. திருகு வேரை நெருங்கினால் நோயாளி உணர்ந்து சொல்ல வேண்டும். பிறகு கையால் சுழற்றும் சிறு திருப்புளி, மெதுவான சுற்றுகள். நோயாளிக்கு அழுத்தம் தெரியும், வலி பெரும்பாலும் இராது. திருகுத் தலையிலிருந்து முன்பற்களின் கம்பியிலுள்ள கொக்கிக்கு நிக்கல் டைட்டானியம் ஸ்பிரிங் ஒன்றை மாட்டினால் வேலை தொடங்கிவிடும். சிகிச்சை முடிந்ததும் அதே திருப்புளியால் எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகு வெளியே வந்துவிடும். பல நேரம் மருந்துகூட வேண்டியதில்லை. சில நாட்களில் ஈறு மூடிக்கொள்ளும்.

2010-இல் யோன்சே பல்கலைக்கழகத்தின் லீ கீ ஜூனும் அவருடைய குழுவினரும், வளர்ச்சி முடிந்த 20 வயது நோயாளியின் மேல் தாடையை அண்ணத்தில் பதித்த மினி இம்ப்ளான்ட்டுகளின் துணையோடு, அதற்கென அறுவை செய்யாமலே விரித்தனர். அதுவரை பற்களை மட்டும் நகர்த்திக் கொடுத்த திருகு, வளர்ந்தவரின் தாடையெலும்பையே அகலப்படுத்தியது.