கதவும் ஏணியும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே அப்பா என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார். "லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணிடு, எங்கேயும் ஒரு வேலை கெடைக்கும்" என்றார். அண்ணனைப் பற்றிப் பேசும்போது அவர் 'ஒரு வேலை' என்று சொன்னதில்லை, 'இன்ஜினியர்' என்பார். மாடி அறையில் வரிசையாகப் பழைய ரெமிங்டன் எந்திரங்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று சுண்டுவிரல் வலிக்க வலிக்கத் தட்டினோம். அந்தப் பெயரின் வரலாற்றைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான் என் விரல்களுக்கு முன்பே அங்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது புரிந்தது.

ரெமிங்டன் துப்பாக்கி செய்த அமெரிக்க நிறுவனம். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் அது தையல் எந்திரம் போன்ற வேறு பொருள்களுக்குத் திரும்பியது. கிறிஸ்டோபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் உருவாக்கிய தட்டச்சு எந்திரத்தை 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைத் தையல் எந்திர மேசைமேல் பொருத்தி, கால்மிதி வைத்து, உடலெங்கும் பூக்கள் வரைந்திருந்தார்கள். யார் அதன்முன் உட்காரப்போகிறார்கள் என்பதை அந்தப் பூக்களே சொல்லிவிட்டன.

விலை 125 டாலர். விற்பனை மந்தம். இயக்கத் தெரிந்தவர் இல்லாத எந்திரத்தை யார் வாங்குவார்கள்? எந்திரம் விற்க வேண்டுமென்றால் விரல்களையும் தயாரிக்க வேண்டியிருந்தது. 1881இல் நியூயார்க்கில் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கம் பெண்களுக்குத் தட்டச்சு வகுப்பு தொடங்கியது. தனியார் வணிகப் பள்ளிகள் பெருகின. எந்திரம் விற்றவர்களே பயிற்சி பெற்ற பெண்களை அலுவலகங்களுக்கு அனுப்பிவைக்கவும் செய்தார்கள். பின்னர் அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் வணிகப் பாடப்பிரிவு வந்தது. பெண் பிள்ளைகள் அதில் நிறைந்தார்கள். 1880இல் அமெரிக்காவில் சுருக்கெழுத்து, தட்டச்சு வேலையில் இருந்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு 40 பேர். 1930இல் 95 பேருக்கும் மேல்.

இதை வெறும் சதி என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. ஆலையையும் பிறர் வீட்டு அடுப்படியையும் விட்டால் வழியில்லாதிருந்த பெண்களுக்கு அது மெய்யாகவே ஒரு கதவு. கையில் சொந்தச் சம்பளம், நகரத்தில் தனி அறை, கல்யாணத்தைத் தள்ளிப்போடும் துணிச்சல் எல்லாம் அதன் வழியே வந்தன. ஆனால் கறுப்பினப் பெண்களுக்குப் பல பத்தாண்டுகள் அந்தக் கதவு மூடியே கிடந்தது.

உள்ளே போனவர்களுக்கும் ஒன்று பறிபோயிருந்தது. அதற்கு முன் அலுவலக எழுத்தர் என்பவர் ஓர் இளைஞர். முதலாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதி, கணக்குப் பழகி, ஒருநாள் மேலாளராகவோ பங்குதாரராகவோ ஆகக்கூடியவர். தட்டச்சு வந்ததும் அந்த வேலை இரண்டாக வெட்டுப்பட்டது. யோசித்துச் சொல்வது ஒருவருக்கு, தட்டுவது இன்னொருவருக்கு. தட்டும் பகுதி பெண்களிடம் வந்தபோது அதில் ஏணி இல்லை. முன்பு முதலாளி தன் செலவில் கற்றுக்கொடுத்ததை இப்போது பள்ளியும் குடும்பமும் தங்கள் செலவில் கற்றுக்கொடுத்தன. ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற சொல் எந்திரத்தையும் குறித்தது, அதை இயக்கிய பெண்ணையும் குறித்தது.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக்கு ஒரு நிறுவனம் வேலைக்கான பயிற்சி தர வந்தது. குரலை எப்படித் தாழ்த்துவது, கோபப்படும் வாடிக்கையாளரிடம் எப்படிச் சிரித்துப் பேசுவது என்று மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், இதுல சேர்ந்து அஞ்சு வருஷம் கழிச்சு நான் என்னவா இருப்பேன்?" பயிற்சியாளர் சிரித்தார். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. என் முதல் சம்பளம் தட்டச்சில் வந்தது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டை நானேதான் தட்டினேன். அதனால் வேலைப் பயிற்சிக்குப் போகாதே என்று எந்த மாணவியிடமும் சொல்லமாட்டேன். போ, கற்றுக்கொள், சம்பளத்தை உன் பெயரில் வாங்கு. ஆனால் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கடைசி வரிசைப் பெண் கேட்டதைக் கேள். பதில் வரும்வரை உட்காராதே.