மணமுறிவும் குழந்தைகளின் மருத்துவக் காப்பீடும் (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீடு, தாய் அல்லது தந்தை வேலை பார்க்கும் நிறுவனத்தின் வழியாகவே கிடைக்கிறது. பெற்றோர் மணமுறிவு பெற்றால், ஒருவரின் காப்பீட்டில் சேர்ந்திருந்த முன்னாள் கணவரோ மனைவியோ பொதுவாக அந்தத் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டியிருக்கும். குழந்தைக்கு அந்த நிலை வராது. அதன் உரிமை பெற்றோரின் திருமணத்தைச் சார்ந்ததன்று. ஊழியரின் பிள்ளை என்பதே போதும். எனினும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். காப்பீட்டை யார் எடுப்பது? இரு திட்டங்கள் இருந்தால் எது முதலில் பணம் தரும்? காப்பீடு ஏற்காத செலவை யார் கொடுப்பது? முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் குடும்ப நீதிமன்றம் விடை சொல்கிறது. இரண்டாவது காப்பீட்டுத் திட்டங்களின் விதிகளைப் பொறுத்தது.

சட்டப் பின்னணி

மணமுறிவு, பிள்ளைப் பராமரிப்பு ஆகியவை மாநிலச் சட்டங்களின் கீழ் வருபவை. தனியார் நிறுவனங்கள் ஊழியருக்கு அளிக்கும் காப்பீட்டுத் திட்டங்களை ஆள்வதோ 1974ஆம் ஆண்டின் ‘எரிசா’ என்ற கூட்டாட்சிச் சட்டம். இந்த இரட்டை அமைப்பால் ஒரு சிக்கல் எழுந்தது. குழந்தையைக் காப்பீட்டில் சேர்க்குமாறு மாநில நீதிமன்றம் தந்தைக்கு உத்தரவிடலாம். அந்த உத்தரவு அவருடைய நிறுவனத்தின் திட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை. குழந்தை ஊழியருடன் வசிக்கவில்லை, வருமான வரிக் கணக்கில் அவரைச் சார்ந்தவராகக் காட்டப்படவில்லை என்பன போன்ற காரணங்களைச் சொல்லிக் காப்பீடு மறுக்கவும் இடம் இருந்தது.

1993இல் நிறைவேறிய வரவு செலவுச் சட்டம் ‘எரிசா’வில் 609ஆம் பிரிவைச் சேர்த்து இந்த இடைவெளியை அடைத்தது. குழந்தை திருமணத்துக்கு வெளியே பிறந்தது, பெற்றோருடன் வசிக்கவில்லை, காப்பீட்டு நிறுவனத்தின் சேவைப் பகுதிக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லிச் சேர்க்க மறுப்பதைத் தடைசெய்யும் சட்டங்களை மாநிலங்கள் இயற்ற வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது.

மருத்துவ ஆதரவு ஆணை

609ஆம் பிரிவின் மையம், தகுதிபெற்ற மருத்துவ ஆதரவு ஆணை. நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற மாநில அமைப்போ இதைப் பிறப்பிக்கலாம். ஊழியரின் பெயரும் முகவரியும், குழந்தையின் பெயரும் முகவரியும், எந்த வகைக் காப்பீடு, எந்தக் காலத்துக்கு என்ற விவரங்களும் அதில் இருக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத ஒரு பயனைத் தருமாறு ஆணை கோர முடியாது.

ஆணை தகுதியானது என்று திட்ட நிர்வாகி முடிவு செய்ததும் குழந்தையைச் சேர்த்தாக வேண்டும். ஆண்டுதோறும் வரும் சேர்க்கைக் காலத்துக்காகக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஊழியரே திட்டத்தில் இல்லாமல், அவர் வழியாகத்தான் பிள்ளையைச் சேர்க்க முடியும் என்றால், அவரையும் சேர்க்க வேண்டியிருக்கும். குழந்தையை வளர்ப்பவர் கையிலிருந்து கட்டிய மருத்துவச் செலவைத் திட்டம் அவருக்கே திருப்பித் தரலாம். பிரிந்து வாழும் ஊழியரின் கை வழியாகப் போக வேண்டியதில்லை.

1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் விளைவாகத் தேசிய மருத்துவ ஆதரவு அறிவிப்பு என்ற பொதுப் படிவம் உருவானது. மாநிலப் பிள்ளைப் பராமரிப்பு அலுவலகம் அதை நேராக நிறுவனத்துக்கு அனுப்புகிறது. நிறுவனம் 20 வேலை நாட்களுக்குள் அதைத் திட்ட நிர்வாகியிடம் சேர்க்க வேண்டும். பிரீமியத்தில் ஊழியரின் பங்கு சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். பராமரிப்புத் தொகைக்காகச் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் வரம்பு உண்டு. அது சூழ்நிலைக்கேற்ப, வரி போன்ற கட்டாயப் பிடித்தங்கள் போக எஞ்சும் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும்.

யார் காப்பீடு எடுப்பது

நீதிமன்றம் பொதுவாக இரு பெற்றோரின் நிறுவனத் திட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நியாயமான செலவில் கிடைக்க வேண்டும், குழந்தை வசிக்கும் இடத்தில் பயன்பட வேண்டும் என்பவை இரண்டு அளவுகோல்கள். 2008இல் வந்த கூட்டாட்சி விதி, காப்பீடு எடுக்கும் பெற்றோரின் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கு மிகாத செலவை நியாயமானதாகக் கொண்டது. மாநிலங்கள் வேறு அளவையும் வகுத்துக்கொள்ளலாம். தந்தையின் திட்டம் மலிவாக இருந்தாலும், அதன் மருத்துவர் வலையமைப்பு அவர் வாழும் ஊரோடு முடிந்துவிட்டால், வேறு மாநிலத்தில் தாயுடன் வளரும் குழந்தைக்கு அது பெரிதாக உதவாது.

தகுந்த நிறுவனத் திட்டம் இல்லாதபோது, பணமாக மருத்துவ ஆதரவு தருமாறு ஆணையிடலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 1965இல் தொடங்கிய மெடிக்கெய்டும், அதற்குச் சற்று மேற்பட்ட வருமானக் குடும்பங்களுக்காக 1997இல் வந்த சிப் என்ற குழந்தைகள் காப்பீட்டுத் திட்டமும் உள்ளன.

எந்தத் திட்டம் முதலில் பணம் தரும்

பெற்றோர் இருவரின் திட்டங்களிலும் குழந்தை இருக்கலாம். அப்போது ஒன்று முதன்மைத் திட்டமாகவும் மற்றது மிச்சத்தைப் பார்க்கும் இரண்டாம் திட்டமாகவும் அமையும். மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் வகுத்த மாதிரி விதிகளைப் பல திட்டங்கள் பின்பற்றுகின்றன.

சேர்ந்து வாழும் பெற்றோருக்கு ‘பிறந்தநாள் விதி’ பொருந்தும். ஆண்டுக் கணக்கில் யாருடைய பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அவருடைய திட்டம் முதன்மையானது. தாய் மார்ச் 12, தந்தை அக்டோபர் 3 என்றால் தாயின் திட்டமே முதலில் தரும். பிறந்த ஆண்டு கணக்கில் வராது. தந்தை பத்து வயது மூத்தவராக இருந்தாலும் இதே விடைதான்.

மணமுறிவு பெற்றவர்களுக்கு வரிசை மாறுகிறது. குழந்தையின் மருத்துவச் செலவுக்கு அல்லது காப்பீட்டுக்கு ஒருவரே பொறுப்பு என்று நீதிமன்ற ஆணை சொன்னால், அவருடைய திட்டம் முதன்மையாகும். இருவரும் பொறுப்பு என்றோ, யார் பொறுப்பு என்று குறிப்பிடாமல் கூட்டுப் பாதுகாப்பு என்றோ ஆணை இருந்தால், பிறந்தநாள் விதியே திரும்ப வரும். இவை பற்றி ஆணை எதுவும் இல்லாவிட்டால், வளர்க்கும் பெற்றோர், அவருடைய புதிய துணை, மற்றப் பெற்றோர், அவருடைய புதிய துணை என்ற வரிசையில் அவரவர் திட்டம் பொறுப்பேற்கும்.

காப்பீடு ஏற்காத செலவு

கழிவுத் தொகை, ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் கட்டும் பங்கு, பல் சீரமைப்பு, கண்ணாடி போன்ற செலவுகளைப் பெற்றோரின் வருமான விகிதப்படி பிரித்து ஆணையில் எழுதுவது வழக்கம். அந்தப் பிரிவினை பெற்றோருக்கிடையில் மட்டுமே செல்லும். குழந்தையை அழைத்துவந்து படிவத்தில் கையெழுத்திட்டவரிடமே மருத்துவமனை பணம் கேட்கலாம். அவர் கட்டிவிட்டு, ஆணையைக் காட்டி மற்றப் பெற்றோரின் பங்கை அவரிடம் கேட்டுப் பெற வேண்டும். இதனால் ரசீது அனுப்பவும் பணம் தரவும் எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பல ஆணைகள் குறிப்பிடுகின்றன.

வரிக் கணக்கு

நிறுவனக் காப்பீட்டுக்கான வரிச் சலுகையைப் பொறுத்தவரை, மணமுறிவு பெற்றவர்களின் குழந்தை பொதுவாக இருவரையும் சார்ந்ததாகவே கொள்ளப்படுகிறது. அரசு காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் திட்டத்துக்கான பிரீமிய வரிச்சலுகையோ, குழந்தையைத் தம் வரிக் கணக்கில் காட்டுபவருக்கு உரியது. வளர்க்கும் பெற்றோர் 8332ஆம் எண் படிவத்தில் கையெழுத்திட்டு, அப்படிக் காட்டும் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். மெடிக்கெய்டு இதைப் பின்பற்றுவதில்லை. வரிக் கணக்கில் யார் காட்டினாலும், குழந்தையை வளர்ப்பவரின் குடும்பத்திலேயே சேர்த்து எண்ணுகிறது.

மாற்றாம்பிள்ளைகளும் வயது வரம்பும்

துணையின் முந்தைய மணத்துப் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. ஊழியருக்கும் அந்தத் துணைக்கும் இடையிலான மணம் முறிந்தால், ஊழியருக்கும் அப்பிள்ளைக்கும் உள்ள உறவு அற்றுப்போவதால் காப்பீடும் நின்றுபோகலாம். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்களில், ‘கோப்ரா’ சட்டப்படி அப்பிள்ளையும் முன்னாள் துணையும் 36 மாதம் வரை அதே திட்டத்தில் தொடரலாம். முழுப் பிரீமியத்தையும், அதன்மேல் 2 விழுக்காடு நிர்வாகச் செலவையும் அவர்களே கட்ட நேரிடும். மணமுறிவைத் திட்டத்துக்குத் தெரிவிக்கப் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு.

2010ஆம் ஆண்டு மருத்துவச் சீர்திருத்தச் சட்டப்படி, பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டங்கள் அவர்களை 26 வயது வரை வைத்திருக்க வேண்டும். எங்கே வசிக்கிறார், படிக்கிறாரா, மணமானவரா என்று கேட்க முடியாது. பராமரிப்பு ஆணையோ பல மாநிலங்களில் 18 வயதை ஒட்டியும், நியூயார்க்கில் 21 வயதிலும் முடிகிறது. அதன்பின் 26 வரை திட்டத்தில் இடம் இருக்கும். பிரீமியம் கட்டும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் ஆணைதான் இராது. அதனால் கல்லூரிக் காலத்துக் காப்பீட்டை யார் கட்டுவது என்பதை மணமுறிவு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வோரும் உண்டு.