விமானக் காட்சியும் மக்கள் கொடுத்த விலையும்

போர்க்கருவியைக் கண்டு மக்கள் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தைப் போக்கி, வியப்பையும் பெருமிதத்தையும் ஊட்டுவதற்கு அரசுகள் கண்ட வழிகளுள் ஒன்று விமானச் சாகசக் காட்சி. அதற்கு மக்கள் என்ன விலை கொடுத்தனர் என்பதை அறிய விரும்புவோர் 1988ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதியை மறத்தலாகாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மேற்கு ஜேர்மனியில் ராம்ஸ்டைன் என்னுமிடத்திலுள்ள அமெரிக்க விமானப்படைத் தளம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டனர். இத்தகைய காட்சி வேண்டாமென அமைதி இயக்கத்தினர் முன்னரே எழுப்பிய குரல் எடுபடவில்லை.

பிற்பகலில் இத்தாலிய விமானப்படையின் ‘பிரெச்சே திரிகொலோரி’ அணி வானில் ஏறியது. அதன் 10 விமானங்களும் எம்.பி. 339 வகைப் பயிற்சி ஜெற் விமானங்களே. ‘பயிற்சி’ என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. 1982இல் போக்லாந்துத் தீவுப் போரிலே பிரித்தானியப் போர்க்கப்பலைத் தாக்குவதற்கு ஆர்ஜென்ரீனா இதே வகை விமானத்தைப் பயன்படுத்தியது.

இரு குழுக்களாகப் பிரிந்த ஒன்பது விமானங்கள் வானில் புகையால் இதய வடிவொன்றை வரைந்தன. பின்னர் அவை எதிரெதிராகத் தாழப் பறந்து ஒன்றையொன்று கடக்க, பத்தாவது விமானம் நடுவே புகுந்து பார்வையாளரை நோக்கி வரவேண்டும் என்பது திட்டம். தனித்து வந்த அந்த விமானம் குறித்த நேரத்திற்கு முந்தியும் குறித்த உயரத்திற்குத் தாழ்ந்தும் வந்து, எதிர்ப்பட்ட இரு விமானங்களுடன் மோதிற்று. 7 விநாடிகளுள் அது தீப்பிழம்பாகிக் கூட்டத்தினுள் பாய்ந்தது. மற்றொன்று, காயமுற்றோரை ஏற்றிச் செல்வதற்கென நிறுத்தப்பட்டிருந்த ஹெலிகொப்டர் மீதே விழுந்தது. விமானிகள் மூவரும் தரையிலிருந்தோர் 67 பேருமாக 70 உயிர்கள் பலியாயின. 300க்கும் மேற்பட்டோர் படுகாயமுற்றனர்.

விமானியின் பிழை என்று கூறி இதனை முடித்துவிடலாம். பிழை நேர்ந்தது உண்மையே. ஆயின், ஒரு மனிதனின் கணநேரப் பிழை அறுபத்தேழு பேரின் உயிரைக் குடிக்கும் வண்ணம் அப்பாதையைக் கூட்டத்தை நோக்கி வகுத்தவர் யார்? 1952இல் இங்கிலாந்தின் பாண்பரோக் காட்சியில் விமானமொன்று வானிலே சிதறி, பார்வையாளர் 29 பேரும் விமானத்திலிருந்த இருவரும் மாண்டனர். அதன்பின் அந்நாட்டில் விதிகள் இறுக்கப்பட்டன. ஆகவே, ஆபத்து எவரும் அறியாததன்று. காட்சியின் கவர்ச்சிக்காக அந்த அறிவு ஒதுக்கி வைக்கப்பட்டது என்றே நாம் கொள்ளவேண்டியுள்ளது.

விபத்துக்குப் பின் வெளிப்பட்ட நிலைமை இதனினும் வெட்கத்துக்குரியது. அமெரிக்க மருத்துவர் ஏற்றிய ஊசிக்குழாய்கள் ஜேர்மன் சேலைன் குழாய்களுடன் பொருந்தவில்லை. காயமுற்றோரை ஏற்றிய பஸ்ஸின் சாரதிக்கு மருத்துவமனைக்கு வழி தெரியவில்லை. பல நாட்டுப் படைகளை ஒரே கட்டளையின் கீழ்ப் போருக்கு ஆயத்தம் செய்து வைத்திருந்த ஒரு கூட்டணி, தன் விருந்தினரைக் காக்க ஆயத்தமாக இருக்கவில்லை.

ஜேர்மனி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இத்தகைய காட்சிகளைத் தடைசெய்தது. பின்னர் கடும் விதிகளுடன் அவை மீண்டும் தொடங்கின. நமது நாடும் இதற்கு விலக்கன்று. 2011 மார்ச் 1ஆம் திகதி, விமானப்படையின் 60ஆவது ஆண்டு விழாவுக்கான ஒத்திகையின்போது இரு கிபீர் விமானங்கள் கம்பஹா மாவட்டத்து வானில் மோதின. விமானி ஒருவர் உயிரிழந்தார். போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை.

ராம்ஸ்டைனில் மாண்டோரின் பெயர்கள் இன்று நினைவுக்கல்லில் உள்ளன. அவர்கள் போர்க்களத்துக்குச் சென்றவர்களல்லர்; விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள். மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய கொலைக்கருவியை மக்களுக்கே விளையாட்டுப் பொருளாகக் காட்டும் வழக்கத்தை நாம் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். அடுத்த முறை நம் தலைக்கு மேல் வண்ணப்புகை எழும்போது, கைதட்டுமுன் அப்பெயர்களை நினைத்துக்கொள்வோமாக.