பூசையில் யார் பெயர்?

ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வரும் பையன்கள் உண்டு. பெரும்பாலும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். நற்கருணை மன்றாட்டில் சாமியார் இரண்டு பெயர்களைச் சொல்வார்: முதலில் திருத்தந்தை லியோ, அடுத்து மறைமாவட்ட ஆயர். கடைசி வரிசையில் தூக்கக் கலக்கத்தில் நிற்பவர் காதில் அவை விழுவதே இல்லை.

அதில் முதல் பெயர் யாருடையது என்று ஐரோப்பா 39 ஆண்டுகள் அடித்துக்கொண்டது.

1378 ஏப்ரலில் ரோமில் ஆறாம் உர்பான் போப்பானார். தேர்ந்தெடுத்த கர்தினால்களே, கும்பலுக்குப் பயந்து வாக்களித்ததாகச் சொல்லி, செப்டம்பரில் ஏழாம் கிளமெண்டை நிறுத்தினார்கள். அவர் அவிஞோனில் போய் உட்கார்ந்தார். 1409-ல் பீசாவில் மூன்றாவது ஆளும் முளைத்தார். பிரான்ஸ் அவிஞோன் பக்கம், இங்கிலாந்து ரோம் பக்கம். குடியானவனுக்கு ஏது தேர்வு? ராஜா ஏற்ற பெயர்தான் ஊர்ப் பூசையிலும்.

புனிதர்களும் பிரிந்து நின்றார்கள். சியன்னா கத்தரீன் உர்பானுக்காக ரோமுக்கே போய் உழைத்து, 1380-ல் அங்கேயே இறந்தார். வின்சென்ட் ஃபெரர் அவிஞோன் தரப்பு. அங்கே கிளமெண்டுக்குப் பின் வந்த பதின்மூன்றாம் பெனடிக்டுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவே அவர்தான். பெனடிக்ட் பதவி விலக மறுத்தபோதுதான் மனம் மாறினார். 1416 ஜனவரி 6 அன்று பெர்பிஞானில், ஆரகோன் அரசு பெனடிக்டைக் கைவிடும் அறிவிப்பை வாசித்தார். மறு ஆண்டு ஐந்தாம் மார்ட்டின் தேர்வாகி, பிளவு ஓய்ந்தது.

ரோமின் பட்டியலில் இன்று உர்பான் போப். பெனடிக்ட் போலிப் போப். அந்தப் போலிக்காகப் பல்லாண்டு வாதாடிய வின்சென்ட்? 1455-ல் புனிதரானார். சரியான பக்கம் நின்ற கத்தரீனுக்கு அந்தப் பட்டம் 1461-ல்தான்!

நம் பக்கமும் இதற்கு ஒரு தம்பிச் சண்டை உண்டு. இங்கே போப் யார் என்பதில் தகராறு இல்லை. அவர் ஆணை செல்லுமா என்பதில்தான். போர்த்துக்கீசிய மன்னரின் ஆதரவுரிமையில் (ஆயரை முன்மொழியும் உரிமை மன்னருக்கு) 1606-ல் அமைந்தது மயிலாப்பூர் மறைமாவட்டம். 1838-ல் போப் பதினாறாம் கிரகோரியார் அதன் அதிகாரத்தை நீக்கினார். மன்னர் சம்மதம் இல்லாத ஆணை செல்லாது என்று அங்குள்ள குருக்கள் மறுத்தார்கள். 'பிரிவினைக்காரர்' என்ற வசை விழுந்தது. ஆனால், அவர்கள் பூசையில் வேண்டிக்கொண்டது அதே ரோம் போப்புக்காகத்தான். ரோமும் போர்ச்சுகலும் செய்த 1886 உடன்படிக்கை மயிலாப்பூருக்கு ஆயரை மீண்டும் தந்தது. 1952-ல் சென்னையும் மயிலாப்பூரும் ஒன்றாயின. அதிலிருந்து 2002-ல் பிரிந்ததுதான் ஒரகடம் அடங்கிய செங்கல்பட்டு மறைமாவட்டம்.

ரோமில் இருப்பவர் உண்மையான போப்பே இல்லை என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். அவர் சொல்வது தவறென்றால் தவறென்றே சொல்லுங்கள். ஆனால் பந்தியிலிருந்து எழுப்பிவிடாதீர்கள். வின்சென்டுக்கே மனம் மாற முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.