ரகசியம் யாருக்கு?

எங்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். பத்து வருஷத்து எக்ஸ்ரே, ஸ்கேன், சர்க்கரை டெஸ்ட் சீட்டு எல்லாம் அதுக்குள்ளதான். நடமாடும் ஆவணக் காப்பகம்! கேலியாச் சொல்லலைங்க, சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளிகளோட பதிவுகளை சிகிச்சை தொடங்கினதிலிருந்து 3 வருஷம் வைத்திருக்கணும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தரணும். 2023ல் புது விதிகள் வந்துச்சு, அதே மாசம் நிறுத்தி வச்சுட்டாங்க. இன்னிக்கும் பழைய விதிதான்.

சரி, அந்தப் பதிவில் இருக்கிறதை யாருக்குச் சொல்லலாம்? இதைப் பற்றிப் பேச ரெண்டு சம்பவங்கள் இருக்கு. ரெண்டும் தமிழ்நாட்டில் நடந்தவை, ரெண்டும் ரத்ததானத்தில் ஆரம்பிச்சவை.

முதலாவது சென்னை, 1995. வடகிழக்கிலிருந்து ஒரு நோயாளியோட துணைக்கு வந்த டாக்டர் ஒருத்தர் இங்கே ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் எச்ஐவி. விஷயம் வெளியே கசிஞ்சு, நிச்சயமான கல்யாணம் நின்னுபோச்சு. ஊரில் இருக்க முடியாமல் சென்னைக்கே வந்துட்டார். ரகசியத்தை மீறிட்டாங்கன்னு அவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் 'எக்ஸ்'. அந்தரங்க உரிமை முழுமையானது இல்லை, மணப்பெண்ணோட உயிரும் முக்கியம்னு 1998ல் தீர்ப்பு. அவரோட திருமண உரிமை பற்றி அதில் சொன்னதை மட்டும் 2002ல் அதே நீதிமன்றம் விலக்கிக்கிச்சு. அப்புறம் 2017ல் எச்ஐவி சட்டம் வந்தது. ஒருத்தரோட நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது, தகவலைப் பத்திரமா வைக்கணும்னு சொல்ற சட்டம். அமலுக்கு வந்த நாள் 2018 செப்டம்பர் 10.

ரெண்டாவது சம்பவம் அதுக்கு மூணு மாசம்கூட ஆகாதப்போ நடந்தது. அதுவும் எங்க விருதுநகர் மாவட்டத்திலேயே.

2018 நவம்பர் 30. சிவகாசி அரசு ரத்த வங்கியில் ஒரு இளைஞர் ரத்தம் கொடுத்தார். அது பரிசோதனையிலும் தப்பிச்சு, டிசம்பர் 3ல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏத்தினாங்க. சில நாள் கழிச்சு, வேறொரு பரிசோதனையில் தனக்கு எச்ஐவின்னு தெரிஞ்சதும் அந்த இளைஞர் தானே வந்து சொன்னார். அப்பதான் பழைய கதை வெளியே வந்தது. 2016லேயே அவர் ரத்தம் கொடுத்திருக்கார், அதில் எச்ஐவி தெரிஞ்சிருக்கு. ஆனா அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவேயில்லை.

மனசு உடைஞ்ச அவர் தன்னையே மாய்ச்சுக்க முயன்று, டிசம்பர் 30ல் மதுரையில் இறந்தார். அந்தப் பெண்ணுக்குத் தொற்று வந்துடுச்சு. 2019ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரூ.25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது.

யோசிச்சுப் பாருங்க. ரத்த வங்கிப் பதிவுகளை 5 வருஷம் வைக்கணும்னு விதி. இங்கே ஆனது 2 வருஷம்தான். ஆக, சட்டம் சொல்ற காலக்கெடு தாண்டலை. ரகசியமும் கசியலை. இருந்தும் ஒரு உயிர் போச்சு, ஒரு குடும்பம் சிதைஞ்சது. 'எக்ஸ்' விஷயத்தில் அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சது தப்பாப் போச்சு. இங்கே உரியவருக்கே தெரியாமல் போச்சு. அந்தரங்கம்னா பிறர்கிட்டேயிருந்து மறைக்கிறது மட்டும்னு நாம நினைச்சுக்கறோம். என் உடம்பைப் பத்தி எழுதி வச்சிருக்கிறதை முதலில் எனக்குச் சொல்லணும்ங்கறது அதோட இன்னொரு பாதி. முதல் பாதிக்குத்தான் கோர்ட் வரை போய் சண்டை போட்டிருக்கோம்.

ரத்ததானம் பண்றதை நிறுத்திடாதீங்க மக்களே. முகாமில் கொடுக்கும்போது ஃபாரத்தில் போன் நம்பரையும் விலாசத்தையும் சரியா எழுதுங்க. அவங்க சொல்லுவாங்கன்னு காத்திருக்காமல், ரிசல்ட்டை நீங்களே போய்க் கேளுங்க.